ஹீட்டர் போட்ட பாலைவனம்

வெக்ஸ்போர்டில் இருபத்தாறு வருடம் டாக்ஸி ஓட்டிய குகபாலன் உருப்படியாக லீவு எடுத்தது ஒரே ஒரு கோடையில்தான். அவரும் அவருடைய நண்பன் மெக்கானிக் நிஸ்தாரும் நிஸ்தாரின் பழைய காரில் எல்லை தாண்டி கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கைப் பார்க்கப் புறப்பட்டார்கள்.

அரிசோனாப் பாலைவனத்தில், உச்சி வெயிலில், எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. நிஸ்தார் ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுதாகத் திருகினான்.

"உனக்கென்ன விசரே? உந்த வெயிலுக்கை ஹீட்டரோ?"

"எஞ்சின்ர சூட்டை அது இஞ்சால இழுக்கும் மச்சான். நீ கண்ணாடியை இறக்கு."

அடுத்த கராஜ் எண்பது கிலோமீற்றர் தள்ளி இருந்தது. முன்னால் ஹீட்டர், பக்கத்தில் அனல்காற்று. குகபாலன் சேர்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, காரையும் நிஸ்தாரையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டத் திட்ட நிஸ்தார் சிரித்தான். கடைசியில் அவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கன்யன் எப்படி இருந்தது என்று கேட்டால் அவருக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

போன மார்கழியில் நிஸ்தாரை அடக்கம் செய்தார்கள்.

அடுத்த கிழமை மைனஸ் பதினெட்டு. மனைவி வதனியோடு கடைக்குப் புறப்பட்ட குகபாலன் காரில் ஹீட்டரைப் போட்டார். கை தன்பாட்டில் கண்ணாடியையும் இறக்கியது.

"குளிர் அடிக்குது, ஏத்துங்கோ! ஹீட்டரைப் போட்டிட்டு ஆராவது கண்ணாடியை இறக்குவினமோ?"

"நிஸ்தார்தான் இறக்கச் சொன்னவன்" என்றார்.

வதனி சால்வையைக் காதுவரை இழுத்து மூடிக்கொண்டு, தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினாள்.