வரிசை முடியும்வரை

போன செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தையில் பல் டொக்டரின் நாற்காலியில் சாய்ந்து கிடந்தேன். அதற்கு முன் காத்திருந்தது நாற்பத்து மூன்று நிமிடம். அதற்குள் மின்விசிறி இரண்டு தடவை நின்றது. டொக்டர் வயதில் சின்னப் பிள்ளை. என் முன்பல்லைத் தட்டிப் பார்த்து, "ஆடுது அங்கிள், எடுக்கத்தான் வேணும்" என்றாள்.

"எடுத்தால் மவுத் ஓர்கன் வாசிக்கேலுமோ?"

"ஏன், பல்லாலயா வாசிக்கிறனீங்கள்?"

முன்பல் போனால் காற்று எந்த வழியால் போகும் என்ற கவலை அவளுக்கு எதற்கு? நான் வாதாடுவதற்குள் கராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சு வாய்க்குள் வந்துவிட்டது. அந்த வாசம் என்னை நேரே பொரளையில் நான் மவுத் ஓர்கன் வாசித்த பழைய ஒலிப்பதிவுக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கே பாடகிக்கும் எனக்கும் சேர்த்து ஒரே மைக். கன்னம் உரசாத குறையாக நிற்க வேண்டும். ஒருநாள் பாட்டின் நடுவில் அவர் மூக்கைச் சுளித்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அண்ணை, வீட்டில இண்டைக்கு உள்ளி ரசமோ?" என்று கேட்டுவிட்டார். அன்று முதல் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு கராம்பு மெல்லுவேன்.

என் வேலை என்ன தெரியுமா? எண்ணுவது. சிங்களப் பாட்டோ தமிழ்ப் பாட்டோ சவர்க்கார விளம்பரமோ, எனக்குக் கிடைப்பது நாலு தாளவட்டம். அதற்கு முன் முப்பத்திரண்டு வட்டம் சும்மா நிற்க வேண்டும். காற்சட்டைப் பைக்குள் விரலை மடக்கி மடக்கி எண்ணுவேன். பிசகினால் வாத்தியக்காரர் ஒன்பது பேரும் திரும்பத் தொடங்க வேண்டும். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் சிங்களத்தில் கத்துவார்: "ஆயெத் முல இந்தலா!" மறுபடி முதலிலிருந்து. பத்தொன்பது வருடத்தில் என்னால் அந்தக் குரல் எழுந்தது ஆறே முறை. அதில் ஒன்று தும்மல். அதைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

பிறகு கீபோட் வந்தது. ஒலிப்பதிவாளர் ஒரு பொத்தானை அழுத்தி, என் வாத்தியத்தின் சத்தத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். அதற்குக் கராம்பும் தேவையில்லை. பதினொரு மாதம் என்னைத் தேடி ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை. இனி நாலு பேரோடு சேர்ந்து வாசிக்கவே கிடைக்காதோ என்ற பயத்தில் குளியலறைக்குள் தனியே ஊதிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கொட்டாஞ்சேனையிலிருந்து பிலோமினா ரீச்சர் வீடு தேடி வந்தார். மாதா கோவில் பாடகர் குழுவை நடத்துபவர். கோவில் ஓர்கன் திருத்தப் போயிருந்தது.

"ரெண்டே ரெண்டு ஞாயிறு, அண்ணை."

"நான் சைவக்காரன், ரீச்சர்."

என் நெற்றியைப் பார்த்தார். "திருநீறு மவுத் ஓர்கனுக்குள்ள போகாட்டில் சரி."

முதல் ஞாயிறு, நற்கருணைப் பாட்டு. இரண்டு சரணம், பிறகு என் எட்டு வட்டம் என்று ஏற்பாடு. எண்ணினேன், பிசகவில்லை. ஓங்கி ஊதினேன். அதே நொடியில் குழுவினர் முதல் சரணத்தை மறுபடி தொடங்கிவிட்டார்கள். நற்கருணை வாங்கும் வரிசை முடியாவிட்டால் பாட்டைத் திரும்ப எடுப்பது அங்கே வழக்கமாம். எனக்கு யார் சொன்னார்கள்? வாத்தியத்தை இறக்கிவிட்டு, 'மறுபடி முதலிலிருந்து' என்ற அந்தக் குரலுக்காகக் காத்து நின்றேன். அது வரவில்லை. ரீச்சர் கையை ஆட்டினார்: நடத்துங்கோ. குழுவினர் சொல்லை விட்டு 'ம்ம்' என்று எனக்குக் கீழே ராகம் பிடித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணாமல் வாசித்தேன்.

பூசை முடிந்ததும் ரீச்சர் சிரித்தார். "என்னத்தை அண்ணை விரல்ல எண்ணிக்கொண்டு நிண்டனீங்கள்? சனத்தைப் பாருங்கோ. கடைசி ஆள் நற்கருணை வாங்கிப் போய் இருக்குமட்டும் பாட்டு முடியாது."

ஆகவே அடுத்த ஞாயிறிலிருந்து சனத்தை எண்ணத் தொடங்கினேன். வேறென்ன செய்ய?

ஓர்கன் திருந்தி வந்தது, மறுபடி பழுதானது, மறுபடி வந்தது. நான் போவதை நிறுத்தவில்லை. இடையில் ஒருமுறை ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஞாயிறு காலையாம். "ஞாயிறு எனக்கு வேலை இருக்கு" என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். "வெள்ளிக்கிழமை அரோகரா, ஞாயிற்றுக்கிழமை ஆமென்" என்றாள் மனைவி. "மேல உங்களுக்கு ரெண்டு கதவும் திறக்கும்."

ஒலிப்பதிவுக்கூடம் இருந்த இடத்தில் இன்று டைல்ஸ் விற்கிறார்கள். அந்தப் பாடகி கனடாவில். ஒலிப்பதிவாளர் காலமாகிவிட்டார். கோவில் வரிசையும் சுருங்கிவிட்டது; நாலு தடவை திரும்பிய பாட்டு இப்போது ஒன்றரைத் தடவையோடு நின்றுவிடுகிறது.

நேற்று ஞாயிறு. டொக்டர் பிள்ளை செவ்வாயே பல்லை எடுத்துவிட்டிருந்தாள். மிச்சம் பதினேழு பல், முன்னால் ஒரு வாசல். நற்கருணைப் பாட்டின் மூன்றாவது சுரத்திலேயே காற்று அந்த வாசலால் தப்பிக் கீச்சென்று விசிலடித்தது. குழுப் பெண்கள் தோள் குலுங்கச் சிரித்தார்கள். நான் நிறுத்தினேன். பழைய பழக்கம், காது அந்தக் குரலைத் தேடியது. முதலிலிருந்து என்று கத்த இனி ஒருவரும் இல்லை. ரீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

வரிசையில் இன்னும் ஒன்பது பேர் நின்றார்கள்.