கம்பளிக்கடைக் கொலையும் கம்பெனி பஸ்ஸும்

நேற்று போனில் ஒரு புத்தக விளம்பரம். அட்டையில் நூல்கண்டு, பூனை, ஓரமாக ஒரு துளி ரத்தம். பார்த்தவுடனே எனக்கு டீசல் வாசனை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எண்ணூரில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீஸில் என் முதல் வேலை. சாயங்காலம் கிளம்பும் கம்பெனி பஸ், துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். எனக்குச் சும்மா உட்கார வராது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் ஆங்கிலக் கதையை, கூட வேலை செய்த மும்தாஜுக்கும் செல்விக்கும் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். எங்கோ ஒரு குளிர் ஊர். அங்கே ஒரு கம்பளிக்கடையில் வாராவாரம் கூடி ஸ்வெட்டர் பின்னும் பெண்கள். ஊரில் விழும் கொலையைக் கண்டுபிடிப்பதும் அவர்கள்தான்; போலீஸ் பேருக்கு வந்து போகும். மார்கழிக்கு மங்கி குல்லா தவிர கம்பளியே பார்க்காத எங்களுக்கு அது எப்படிப் பிடித்ததோ!

அதில் ‘பர்ல்’ என்றொரு சொல் அடிக்கடி வரும். பின்னலில் அது ஒரு வகைக் கண்ணி என்று எனக்கெங்கே தெரியும்? ‘பேர்ல்’, அதாவது முத்துதான், அச்சுப்பிழையில் இப்படி ஆகிவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒரு வாரம் முழுக்க மூன்று பேரும், இல்லாத முத்துமாலையைத் திருடியது யார் என்று மண்டையை உடைத்துக்கொண்டோம்.

கொலை எங்களுக்கு முக்கியமில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அந்தப் பெண்கள் வம்பு பேசுவதும், ஒருத்தி அழுதால் மற்றவர்கள் ஊசியைக் கீழே வைப்பதும்தான் வேண்டியிருந்தது. அந்த இடம் வந்தால் மறுபடி சொல்லச் சொல்வாள் மும்தாஜ்.

அப்போது அவள் வீட்டில் சிக்கல். தண்டையார்பேட்டையில் இறங்கி இருட்டில் தனியாக நடந்து வருகிறாள் என்று, அந்த வாரத்தோடு வேலையை விடச் சொல்லிவிட்டார் அண்ணன். அவளுக்கு விட மனசே இல்லை.

கதையிலோ நாயகி கொலைகாரனைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினாள். செல்விக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னாமே கதை இது? அவ்ளோ தோஸ்துங்க கீறாளுங்க, இவ ஏன் ஒண்டியா போறா?”

“நானும் ஒண்டியாத்தானே போறேன்,” என்றாள் மும்தாஜ்.

திருவொற்றியூர் வந்தது, செல்வி இறங்க வேண்டிய இடம். இறங்கவில்லை. டிரைவர் கூப்பிட்டதற்கு, “நீ போ நைனா” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு ராயபுரம் போகவேண்டும். நானும் அவர்களோடு தண்டையார்பேட்டையில் இறங்கினேன். மும்தாஜ் வீட்டு வாசலில் அவள் அண்ணன். செல்வி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“அண்ணே, தெனம் நாங்க ரெண்டு பேரும் இவளை வூட்ல வுட்டுட்டுதான் போவோம். வேலையை வுட சொல்லாதீங்க.”

“எத்தினி நாளிக்குமா?”

“நீங்க பேஜாராயி, போதும்னு சொல்ற வரிக்கும்.”

அவர் சிரித்துவிட்டார். மும்தாஜின் வேலை தப்பித்தது. மழையோ வெள்ளமோ, செல்வி தினமும் தன் நிறுத்தத்தைத் தாண்டி வந்து, ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பினாள். நானும் கதையில் கை வைத்தேன்: நாயகியின் பின்னாலேயே ஊசியும் நூலுமாக மொத்தக் கூட்டத்தையும் அனுப்பிவிட்டேன்.

பிறகு அந்த ஆபீஸையே மூடிவிட்டார்கள். மும்தாஜ் இன்று ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவையே நடத்துகிறாள். செல்வி கல்யாணமாகிக் கோயம்புத்தூரில். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. விளம்பரத்தில் வந்த புத்தகத்தை வாங்கிவிட்டேன்; தனியாகப் படிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தே ஆகவேண்டும் என்று இருவருக்கும் உத்தரவு போட்டாயிற்று. வருவார்கள், வரவைப்பேன். கதை முடிந்ததும் ஆளுக்கொரு பொத்தானை அழுத்திவிட்டு அவரவர் வீட்டிலேயே இருப்போம். தன் இடம் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருக்க, செல்விக்கு இப்போது பஸ் இல்லை.