சோலையம்மாள் கண்ணை மூடித் திறந்த கதை

"கண்ணை ஒரு தரம் மூடித் திறங்கம்மா," என்றேன்.

"எதுக்குத் தாயி?"

"நீங்க உயிரோட இருக்கீங்கன்னு போனுக்குத் தெரியணும்."

"அதுக்குக் கண்ணைத் தொறந்துல்ல வைக்கணும்? மூடுனா செத்துப்போனவன்னு எழுதிரும்."

"எழுதாதும்மா. வெறும் போட்டோவைக் காட்டி ஏமாத்துறாங்களான்னு பாக்குது. போட்டோ கண்ணை மூடாதுல்ல?"

"ஏன் மூடாது? எங் கல்யாணப் போட்டோவுல மூடித்தான் கெடக்கேன். 'பொணத்தைக் கட்டிக்கிட்டேன்'னு எம் புருசன் சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுனாரு. அன்னையிலருந்து போட்டோன்னா நான் இமையை அசைக்கிறதில்ல."

சொல்லிவிட்டு, சோலையம்மாள் கண்களை இன்னும் அகலமாக விரித்துக்கொண்டார்.

வில்பட்டிக்காரர். பூண்டு உரித்து உரித்து விரல் ரேகை தேய்ந்துவிட்டதால் கைரேகை இயந்திரம் அவரை ஏற்கவில்லை. முதியோர் பென்சன் நின்றுபோனது. மாத்திரையிலிருந்து காப்பித்தூள் வரை மருமகளிடம் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டால் மருமகள் கொடுத்துவிடுவாள், ஆனால் பெருமூச்சோடு கொடுப்பாள். அந்தப் பெருமூச்சு பொறுக்காமல்தான், முகத்தைக் காட்டிப் பென்சனை மீட்க, மூஞ்சிக்கல் கடைவீதியில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்திருந்தார். குரங்குக் குல்லாவைக் கழற்ற வைக்கவே பெரும்பாடு. காதில் பனி ஏறிவிடுமாம்.

அடுத்து உட்கார்ந்திருந்த அதே ஊர்ப் பெரியவர் சின்னக்கருப்பன் பொறுமையிழந்தார். "ஏத்தா, ஆந்தைகூடக் கண்ணை மூடும். வெரசா மூடு!"

"நீரு மொதல்ல வாயை மூடும்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. "வேலப்பரை நினைச்சுக் கும்பிடுங்கம்மா," என்றேன்.

கை குவிந்தது, கண் தானாக மூடியது. ஆனால் திறக்கவில்லை. பூண்டு விலை, மகனின் முதுகுவலி, வேலியை மிதித்துப்போட்ட காட்டுமாடு என்று எல்லாம் வரிசையாக வேலப்பரிடம் போயின. போன் காத்திருந்து பார்த்துவிட்டு, நேரம் முடிந்தது என்றது. மறுபடியும் கும்பிடச் சொன்னேன். விட்ட இடத்திலிருந்து, காட்டுமாட்டிலிருந்தே, தொடங்கினார்.

"ஐயையோ, வில்பட்டி பஸ்ஸு போகுது!" என்று சின்னக்கருப்பன் கத்தினார்.

கண் படக்கென்று திறந்தது. போனில் பச்சை டிக் விழுந்தது. வாசலில் பஸ் எதுவும் இல்லை. சின்னக்கருப்பனுக்குக் குல்லாவால் ஓர் அடி விழுந்தது.

"இனி அடுத்த வருஷம் வந்தாப் போதும்மா," என்றேன்.

"வருசா வருசம் இந்தக் கூத்தா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, நாற்காலியை இழுத்து மறுபடி போனுக்கு நேரே உட்கார்ந்தார்.

"பத்து வருசத்துக்குஞ் சேத்து இப்பவே மூடி மூடித் தொறந்துர்றேன் தாயி. எழுதி வச்சுக்க."