இருபத்தைந்து செம்மரக் கன்றுகள்

டயானா, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் தேசம்மாவின் மகள். அடையாறில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நிலம் வைத்திருப்பவர்களுக்கு, எந்த மண்ணில் எந்த மரம் நட்டால் நன்றாக வளர்ந்து விலை போகும் என்று சொல்வதுதான் வேலை. தேசம்மாவுக்கு இதில் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

"நம்மாண்ட ஒரு தொட்டிச் செடிகூட கெடியாது. நீ இன்னாத்துக்கு ஊரான் நெலத்துல காடு போட்டுக்கினு கீற?" என்பாள்.

டயானா தனியாகக் கவனித்த முதல் ஆள் வெள்ளைச்சாமி. சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். குலசேகரத்து மலையடிவாரத்தில் பத்து ஏக்கர் வாங்கியிருந்தார். இரண்டு பருவமழையும் கொட்டித் தீர்க்கிற இடம். கடைவீதியில் யாரோ செம்மரத்தின் விலையைச் சொன்னதும், ஒரு நாற்றுப்பண்ணையில் நாலாயிரம் கன்றுக்குச் சொல்லிவிட்டுத்தான் அலுவலகத்துக்கே வந்தார். எத்தனை அடிக்கு ஒரு குழி என்று தெரிந்தால் போதுமாம்.

டயானா அங்கே போய்ப் பள்ளமான பகுதியில் ஒரு குழி தோண்டிப் பார்த்தாள். மறுநாள் காலையிலும் அதில் தண்ணீர் நின்றது. செம்மரம் வறண்ட பாறை நிலத்து மரம். வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடும். மேட்டில் அயினியும் மகாகனியும், பள்ளத்தில் நீர்மருதும் நடலாம் என்று நான்கு பக்கத்துக்கு எழுதி அனுப்பினாள். வெள்ளைச்சாமி அதைப் பிரிக்கவே இல்லை. வியாழக்கிழமை கன்றுகளோடு லாரி கிளம்புவதாக இருந்தது.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, விட்டுவிடு என்றார் அலுவலகத் தலைவர் விஜயராகவன். டயானாவால் முடியவில்லை. பத்து ஏக்கரும் பட்டுப்போனால், படிக்காத அறிக்கையை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? டயானா போட்ட தோட்டம் என்றுதான் பேசுவார்கள். புதன்கிழமை மதியம் கடைக்கே போனாள்.

வெள்ளைச்சாமியின் முன்னால் ஒரு மில்காரர் பருத்திச் சேலைகளை விரித்திருந்தார். சிவப்புச் சேலை ஒன்றின் முனையை மேசை மேலிருந்த டம்ளர் தண்ணீரில் முக்கி, தன் வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து அழுத்தினார் வெள்ளைச்சாமி. கைக்குட்டை சிவந்தது. சேலையை ஒதுக்கினார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்ததெல்லாம் டயானாவுக்கு மறந்துபோயிற்று.

"பாக்க நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி. முக்கிப் பாக்காம எடுக்க மாட்டீங்களா?"

"ஒரு சேலைன்னா போயிட்டுப் போகுது. இருநூறு எடுக்கணும்லா."

"செம்மரம் நாலாயிரம் எடுக்குறீங்க."

மில்காரர் சிரித்தார். வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை. சிவந்த கைக்குட்டையை விரித்துப் பார்த்தார்.

"சரி. எத்தனை கன்னு முக்கிப் பாக்கணும்ங்கிற?"

வகைக்கு இருபத்தைந்து என்றாள். மேட்டிலும் பள்ளத்திலுமாக, இந்த ஒரு வருஷ மழைக்கு மட்டும். அவர் அங்கேயே நாற்றுப்பண்ணையைக் கூப்பிட்டுச் செம்மரம் இருபத்தைந்து போதும் என்றார். அந்தப் பக்கம் கிடைத்த திட்டு முடியும்வரை போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளியே பிடித்திருந்தார்.

நவம்பரில் வெள்ளைச்சாமி நிலத்திலிருந்து போன் செய்தார். பள்ளத்து நீர்மருது தண்ணீரில் நின்றபடியே இடுப்பளவு வந்துவிட்டதாம். மேட்டில் அயினி தளதளவென்று இருக்கிறதாம்.

"செம்மரந்தாம்மா, ஆறுதான் நிக்குது. மத்ததெல்லாம் சாயம் போயிட்டு," என்றார். தோற்றவர் குரலாக இல்லை, தப்பித்தவர் குரலாக இருந்தது.

அடுத்த ஜூனில் பத்து ஏக்கரும் நட்டு முடிந்தது. அதன் பிறகு ஒருநாள் டயானாவைக் கடைக்குக் கூப்பிட்டு, அம்மாவுக்குக் கொடு என்று நீலச் சேலை ஒன்றை எடுத்தார். மடிக்கும் முன்பு, பேச்சுவாக்கில் அதன் முனையையும் டம்ளரில் முக்கிப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

வீட்டில் தேசம்மா சேலையைப் பிரித்தாள்.

"இன்னாடி, புதுப் பொடவை ஈரமா கீது?"

டயானா சிரித்துக்கொண்டே மின்விசிறியைப் போட்டாள்.