மாப்பிள்ளை பார்க்காத வால்நட்சத்திரம்

எங்கள் லைன் வீடுகளில் அந்த வால்நட்சத்திரத்தைப் பார்க்காத ஆள் ஒரே ஒருவர்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் என் தங்கையின் கணவர்.

தங்க வயலில் எங்கள் சாம்பியன் ரீப்ஸுக்கு மின்சார விளக்கு வருவதற்குச் சற்று முந்தைய கோடை அது. சூரியன் இறங்கி வானம் கறுக்க ஆரம்பித்ததும் மேற்கே மில்லின் புகைபோக்கிக்கு மேலே அது தெரியும். தலை கீழே, வால் மேலே. உலை வைத்துச் சோறு வடிப்பதற்குள் இறங்கி மறைந்துவிடும். அந்த நேரத்தில் மாப்பிள்ளை பூமிக்கு அடியில் இருப்பார். சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை மேலே தள்ளும் பம்ப்பைக் கவனிப்பது அவர் வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கினால் ஊர் அடங்கிய பிறகுதான் ஏறி வருவார். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வேண்டிய ஆள் கல்யாணத்துக்கென்று வேலூர்ப் பக்கம் போய் அங்கேயே தங்கிவிட்டான். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது ஓய்வு உண்டு. பம்ப்புக்கு ஏது ஞாயிறு?

இதில் அவர் செய்த தப்பு ஒன்று உண்டு. அவருடைய ஐந்து வயது மகள் தினமும் காலையில் எழுந்ததும், "ஏம்ப்பா, நேத்து பாத்தியா?" என்று கேட்பாள். பாவம், மனுஷன் ஒரு நாள் "பாத்தேன்" என்று சொல்லிவிட்டார். அவள் சும்மா விடுகிற குழந்தையா? வால் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டாள். வால் என்றால் தொங்கத்தானே வேண்டும்? மாட்டுக்கு அப்படித்தானே இருக்கிறது? கீழே தொங்கியது என்று சொல்லிவிட்டார். அன்று குழாயடி முதல் கடைசி வீடு வரை, எங்கப்பா பொய் சொல்கிறார் என்ற செய்தியை அவள் நடந்தே கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ஆளுக்கு ஆள் அவரைக் கிண்டல் செய்தார்கள். நானும் செய்தேன். மூன்றாம் நாள் வேலைக்குப் போகிற வழியில் என் வீட்டு வாசலில் நின்றார். சிரிக்கவில்லை.

"மச்சான், அது போயினே கீதாம். நான் மேல வர்ற முறை வர்றதுக்குள்ள ஒண்ணும் இருக்காது. எனக்கு அத்த ஒரு படம் புடிச்சிக் குடுங்க. புள்ள மூஞ்சியப் பாக்க முடில."

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் போட்டோ எடுத்துப் பிழைக்கிறவன். ஊரில் உள்ள தாய் தகப்பனுக்கு அனுப்பவென்று சுரங்கத்து ஆட்கள் குடும்பத்தோடு வந்து என் முன்னால் விறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் எனக்கு உண்மையான ஆசையெல்லாம் வானத்தின் மேல்தான். முகம் எடுக்கிற லென்ஸ் வெளிச்சத்தை வாரி விழுங்கும். நட்சத்திரத்துக்கும் அதுவே தோது. வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால் கேமராப் பெட்டியும் கூடவே நகர வேண்டும் என்று, கீல் வைத்த இரண்டு பலகைகளை வட துருவத்தைப் பார்த்துச் சாய்த்து, நடுவே ஒரு திருகாணி போட்டுப் புழக்கடையில் ஒரு பொறி செய்து வைத்திருந்தேன். மேல் பலகையில் கேமரா. திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் கேமரா வானத்தோடு போகும். போன மார்கழியில் அதை வைத்து மிருகசீரிடத்துக்குக் கீழே இருக்கும் புகைத்திட்டை எடுத்தேன். கேமராவுக்குள் வைத்த கண்ணாடித் தட்டில் விழுந்தது எச்சில் தொட்டு அழித்த சிலேட்டுப் பலகை மாதிரி இருந்தது. லென்ஸைத் திட்டினேன், தட்டு விற்றவனைத் திட்டினேன், பக்கத்து வீட்டு லாந்தரைத் திட்டினேன். திட்டுவதில் நான் குறை வைத்ததில்லை.

மாப்பிள்ளைக்காக இரண்டு மாலை வால்நட்சத்திரத்தை எடுத்தேன். இரண்டு தட்டிலும் அதே அழிந்த சிலேட்டு. எரிச்சலில் குடித்து மீந்த தண்ணீர்ச் சொம்பைப் பலகை மேலேயே ஓங்கி வைத்தேன். சொம்புத் தண்ணீர் அடங்கவே இல்லை. வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் எனக்கு மில் ஞாபகம் வந்தது.

வெளியூர்க்காரன் யாராவது இருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான். தங்கக் கல்லைப் பொடிக்கிற இரும்பு உலக்கைகள் எங்கள் மில்லில் இரவும் பகலும் இடித்துக்கொண்டே இருக்கும். தரை அதிரும், சுவர் அதிரும், அலமாரியில் டம்ளர் ஒன்றோடொன்று பேசும். அதிலேயே வாழ்ந்த எங்களுக்கு அது காதிலும் விழாது, காலிலும் தெரியாது. ஊரே நடுங்குகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு மார்கழியிலிருந்து நான் லென்ஸையும் தட்டையும் குறை சொல்லியிருக்கிறேன். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்ற கதைதான்.

மறுநாளே, மில்லின் இடி எட்டாத பேத்தமங்களா ஏரிக்கு மாட்டு வண்டி கட்டினேன். ஏரிக்கரையில் தரை அசையாது, மேற்கே மறைப்பும் கிடையாது. தங்கையும் அவள் மகளும் உடன் வந்தார்கள். வால்நட்சத்திரம் மெலிந்துகொண்டே வந்தது, பார்த்தால் தெரியும். இரண்டொரு நாள் போனால் தட்டில் விழாது. மேகமும் கூட ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு விட்டால் மாப்பிள்ளைக்கு அது கிடையாது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

பொழுது சாய்ந்தது. ஏரிக்கு அப்பால் அது வந்து நின்றது. சொம்பில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. லென்ஸ் மூடியை எடுத்துவிட்டுத் திருகாணியில் கை வைத்தேன். கை ஓடவில்லை.

வீட்டில் இருந்தவரை இத்தனை இடிக்கு ஒரு சின்னத் திருப்பு என்று மில்லின் தாளத்துக்குத்தான் நான் திருப்பியிருக்கிறேன். அப்படிச் செய்தேன் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இங்கே சத்தமே இல்லை. எப்போது திருப்புவது? ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தேன். பதற்றத்தில் எண்ணிக்கை என்னை முந்திக்கொண்டு ஓடியது. முதல் தட்டு போயிற்று. நான் வாய்விட்டு மில்லைத் திட்ட ஆரம்பித்தேன், இந்தத் தடவை அது இல்லாததற்காக.

என் தங்கை வண்டியிலிருந்து தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினாள். கேமராவை விட்டு நன்றாகத் தள்ளி, கரைச் சரிவில் உட்கார்ந்து குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் இடிக்கிறேண்ணா, நீ திருப்பு."

எங்கள் லைனில் பெண்கள் மிளகாய் இடிப்பதும் ராகி இடிப்பதும் மில்லின் தாளத்துக்குத்தான். அவள் கை மோதிரத்தால் குடத்தில் தட்டத் தொடங்கியதும் எனக்குச் சாம்பியன் ரீப்ஸே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போல இருந்தது. என் கை தானாக ஓடியது. இடையில் குழந்தை பேச வாயெடுத்தாள். தாளத்தை விடாமலே தாய் ஒரு முறை முறைத்தாள். அதோடு சரி. வால் நுனி மட்டும் மிஞ்சி, தலை ஏரிக்கு அப்பால் மறையும் வரை தட்டினாள். விரல் வீங்கிவிட்டது. நான் வாழ்நாளில் கேட்ட கச்சேரிகளில் அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

தட்டைக் கழுவிப் பார்த்தபோது நான் கத்திய கத்தலில் என் மனைவி பயந்தே போனாள். நட்சத்திரங்கள் ஊசி குத்தியது போல விழுந்திருந்தன. நடுவே தலை, அதிலிருந்து விரிந்து விரிந்து போகிற வால். விடிந்ததும் வெயிலில் வைத்துக் காகிதத்தில் படம் போட்டு, அது மங்காமல் இருக்கத் தங்கத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். தங்க வயலில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொட்டுத் தங்கத்தை மெட்ராஸிலிருந்து வரவழைக்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

படத்தை எடுத்துக்கொண்டு போனபோது மாப்பிள்ளை முற்றத்தில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து, "பாத்தியா?" என்றாள்.

"இல்லம்மா. நான் ஒரு நாளும் பாக்கல. மாமா புடிச்சாந்த இதத்தான் பாக்கறேன்" என்றார்.

பொய் சொன்னாய் என்று பிடித்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் படத்தை அவர் கையிலிருந்து வாங்கித் தலைகீழாகத் திருப்பினாள். அவர் வாலைக் கீழே வைத்துத்தான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மண்ணில் குந்த வைத்தாள். மில் புகைபோக்கிக்கு மேலே, தினமும் அது நின்ற அதே இடத்தில் வருமாறு படத்தைக் கை நீட்டிப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். அவர் மூடிக்கொண்டார்.

"தெரிதாப்பா?"

"தெரிது" என்றார். நான் எதற்கோ உள்ளே போவது போலப் போய்விட்டேன்.

மத்தியானம் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அந்தப் படம் தனக்கு வேண்டும் என்று கேட்டார். சுரங்கத்தில் சேறும் எண்ணெயும் ஆயிற்றே, நாசமாகிவிடும் என்று சண்டை போட்டேன். பெருமைக்குச் சுவரில் மாட்டலாம் என்று எனக்கு எண்ணம்.

"கீழ எத்தினி பேரு மச்சான், பாக்காமலே பாத்தேன்னு சொல்லினு கீறாங்க" என்றார்.

கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் அது என் கைக்கு வந்தபோது மெழுகுவத்தி மெழுகும் மண்ணும் அப்பியிருந்தது. தலையிலிருந்து வால் நுனி வரை கறுப்புக் கறுப்பாக விரல் தடங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொருவரும் அதன் வழியே மேலே தடவிக்கொண்டு போயிருக்கிறார்கள். யார் இப்படி அழுக்காக்கியது என்று குழந்தை கோபித்துக்கொண்டாள்.

"பாத்தவங்கம்மா" என்றார் அவள் அப்பா.