மறுத்துப் பேசாத பிள்ளை

சிட்னியின் டூங்கபியில் எங்கள் வீட்டில் ஒரு வியட்நாமியப் பிள்ளை தங்கிப் படிக்கப்போகிறாள் என்ற செய்தி பரவியபோது, முதுமையில் அறையை வாடகைக்கு விடும் நிலைக்கு நான் வந்துவிட்டேனோ என்று சிலர் ஐயுற்றதாக என் காதுக்கு எட்டியது. அந்த ஐயம் பொருத்தமற்றது. மகள் திருமணமாகி மெல்பேர்ணுக்குப் போனபின் மேல்மாடி அறை பூட்டியே கிடந்தது. அது என் துணைவியாருக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்குக் குடும்பங்களில் இடம் தேடித்தரும் கல்லூரி ஒன்றுடன் அவரே தொடர்புகொண்டார். ஒழுங்கான பிள்ளையாக இருக்கவேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

வந்தவள் என் நிபந்தனைக்கு மேலாகவே இருந்தாள். பதினேழு வயது. மீகொங் ஆறு கடலைச் சேரும் கழிமுகத்தில் பிறந்தவள். தந்தை அங்கே இறால் வளர்க்கும் கமக்காரரிடம் அதை வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்புபவர். சிட்னியில் நீர்சார்ந்த பொறியியல் படிப்பது அவள் நோக்கம். அதற்கு முன் ஓராண்டு ஆயத்த வகுப்பில் தேறவேண்டும். தேறினால்தான் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியாகும். எங்களுக்குள் ஆங்கிலமே பேச்சுமொழி. அவளுடைய ஆங்கிலம் பாடப்புத்தகத்தைப் போல ஒழுங்கானது. ஆகவே அவள் சொன்னவற்றை இங்கே எழுத்துத் தமிழிலேயே தருகிறேன்.

ஒவ்வொரு வேளையும் சாப்பிட உட்கார்ந்ததும், எங்கள் இருவரையும் தனித்தனியாகத் தன் மொழியில் உண்ண அழைப்பாள். நான் முதல் வாய் வைக்கும்வரை அவள் கரண்டியைத் தொடமாட்டாள். தண்ணீர்க் குவளையை இரண்டு கைகளாலும் நீட்டுவாள்.

"இஞ்சாருங்கோ, எங்கட பிள்ளையள் ஒருநாளாவது இப்பிடிச் செய்ததுகளே?" என்று துணைவியார் கேட்பார்.

"வளர்ப்பு," என்பேன்.

நான் புலம்பெயருமுன் ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். கடல்நீர் உட்புகுந்து வயலையும் கிணற்றையும் உவராக்காமல் தடுக்கும் அணைகளே என் துறை. அவள் படிக்க விரும்பியதும் ஏறத்தாழ அதுவே என்றபடியால், இரவு உணவின்போது அதுபற்றி விரிவாகவே பேசினேன். அவள் தலையசைத்துக் கேட்டாள். திணைக்களக் கூட்டங்களில் எனக்கு அப்படியொரு சபை வாய்த்ததில்லை.

குளிர்காலம் முடியும் தறுவாயில் அவளுடைய வகுப்பாசிரியை என்னை வரச்சொன்னார். மகளின் வயதுதான் இருக்கும். காலில் ஓட்டப்பந்தயச் சப்பாத்து. பிள்ளையும் அருகில் இருந்தாள்.

"எழுத்தில் வகுப்பிலேயே இவள்தான் முதல்," என்றார் ஆசிரியை. "ஆனால் வாய் திறப்பதில்லை. இறுதிச் செமினாரில் எல்லோரும் வட்டமாக இருந்து விவாதிக்கவேண்டும். இன்னொருவரின் வாதத்தை மறுத்து, தன் வாதத்தைக் காத்துப் பேசவேண்டும். அதில் தவறினால் எழுத்தில் எடுத்த மதிப்பெண்கள் உதவமாட்டா. வீட்டில் பேசுவாளா?"

"எங்கள் வீட்டில் அவள் ஒருநாளும் என்னை மறுத்துப் பேசியதில்லை," என்றேன். எந்தக் கல்லூரியும் தலைவணங்க வேண்டிய நற்சான்று என்பது என் எண்ணம்.

ஆசிரியை பேனாவை மேசையில் வைத்தார். "ஒருநாளும்?"

"ஒருநாளும்."

"அதுதான் எனக்குக் கவலை."

திரும்பும் ரயில் ஸ்ட்ராத்ஃபீல்ட் நிலையத்தைத் தாண்டியது. அவள் சன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் தவறிவிட்டால் அப்பா இன்னொருமுறை அனுப்பமாட்டார். அடுத்தது தம்பியின் முறை."

"பதில் தெரிந்தும் ஏன் வாய் திறப்பதில்லை?"

"எல்லோர் முன்னிலையிலும் 'நீங்கள் சொல்வது பிழை' என்றால், அவருடைய முகம் என்ன ஆகும், அங்கிள்?"

அந்தக் கேள்வியின் மேல்தான் நானும் வளர்க்கப்பட்டேன். அது நல்ல கேள்வி என்பதே இன்றும் என் கருத்து. ஆனால் நல்ல கேள்வி அவளுக்குப் பல்கலைக்கழக இடம் வாங்கித் தராது என்பதும் தெளிவாயிருந்தது.

அன்று மாலை தொலைபேசியில் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். "அப்பா, அவவுக்கு டியூஷன் ஒண்டும் வேண்டாம். உங்களோட ஆர்க்யூ பண்ணிப் பழகட்டும். அதில தப்பினா யூனியில ஒருத்தருக்கும் பயப்படத் தேவையில்லை."

பேச்சில் மரியாதை குறைவாயிருந்தது, யோசனை சரியாயிருந்தது.

மறுநாள் உணவுக்கு அமர்ந்ததும் அறிவித்தேன்: "இன்று முதல் நான் சொல்வதில் ஒன்றையாவது நீ மறுக்கவேண்டும்."

அவள் பணிவாகத் தலையசைத்தாள். பிறகு தண்ணீர்க் குவளையை இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"நீங்கள் ஓடர் போட்டால் பிள்ளை என்ன செய்யும்? ஓடருக்கு ஓம் எண்டுபோட்டு இருக்குது," என்றார் துணைவியார்.

பிள்ளை தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் குசினிப் பக்கம் பார்த்தாள். "அன்ரி... மீன் கொஞ்சம் கூடுதலாக வேகிறது."

துணைவியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவரை மறுக்கச் சொன்னா அடி எனக்கெல்லோ விழுகுது!"

அப்படித்தான் தொடங்கியது. தொலைக்காட்சிச் செய்தியை நான் வைக்கும் சத்தம் கூடுதல் என்றாள். மேல்மாடி அறை குளிர்கிறது, ஹீட்டர் வேண்டும் என்றாள். குளிர்காலம் முழுவதும் அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்புக் கேட்கக் கூடாது என்றேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டாள்.

மீனும் ஹீட்டரும் செமினாரில் வரப்போவதில்லை. அங்கே கருத்தை மறுக்கவேண்டும். வேண்டுமென்றே அணைகளைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவள் பழையபடி தலையசைத்தாள். வேறு எதை மறுத்தாலும், என் துறையில் என்னை மறுக்க அவளுக்கு நா எழவில்லை.

செமினார் வியாழக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு பிற்பகல் எங்கள் ஊர்ப் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் செயற்குழு என் வீட்டில் கூடியது. நான் தலைவர். செயலாளர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர்; என் வகுப்புத் தோழர்; நாக்குக் கூர்மையானவர். கூட்டம் முடிந்ததும் பிள்ளை தேநீரும் ரோல்ஸும் கொண்டுவந்தாள். அவளும் நிற்கிறாள் என்பதால் நாகரிகம் கருதி எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறினோம். ஊரில் கிணறுகள் உவராகி வருவதைச் செயலாளர் எடுத்தார். என்ன வழி என்று என்னைக் கேட்டார்.

"தடுப்பணை ஒன்றே வழி," என்றேன். "உப்பை உள்ளே விடக்கூடாது. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை."

"இடம் இருக்கிறது, அங்கிள்."

தட்டத்தில் கோப்பைகள் கிலுகிலுத்தன. அறையில் ஒருவரும் மெல்லவில்லை.

செயலாளர் தமிழுக்குத் தாவினார். "என்ன ஐசே, வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி வளர்க்கிறீரோ?"

மற்றவர்கள் சிரித்தார்கள். என் காதுகள் சூடாயின. என் வீட்டில், என் துறையில், நான் தலைமை தாங்கும் சபையில், பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி! ஒரு பார்வை போதும், அவள் தட்டத்தோடு உள்ளே போயிருப்பாள். குசினி வாசலில் துணைவியார் அசையாமல் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனாளானால் வியாழக்கிழமையும் அவள் வாய் திறக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

"காரணம் சொல்," என்றேன் ஆங்கிலத்தில்.

அவள் தட்டத்தை வைத்தாள். "எங்கள் பகுதியில் வறட்சிக் காலத்தில் கடல்நீர் உள்ளே வரும். அதை வயலுக்குள் விட்டு இறால் வளர்ப்போம். மழை வந்து உப்பைக் கழுவியதும் அதே வயலில் நெல் விதைப்போம். ஓரிடத்தில் அரசாங்கம் அணைக் கதவுகளை மூடியது. நெல் மட்டும் செய்தவர்களுக்குச் சந்தோஷம். இறால் செய்தவர்களுக்குப் பாதி ஆண்டின் பிழைப்புப் போயிற்று. வாய்க்காலில் தண்ணீர் ஓடாமல் கறுத்து நாறியது. அப்பாவோடு போய் நானே பார்த்தேன்."

"உங்களுக்குப் பேராறு இருக்கிறது, மழைக்காலத்தில் அது உப்பைக் கழுவும்," என்றேன். "எங்கள் ஊரில் ஆறே இல்லை. கிணற்றுக்குள் இறங்கிய உப்பை எது கழுவும்?"

அவள் யோசித்தாள். நல்ல அறிகுறி, இதுவரை என் முன்னே அவள் யோசித்ததை நான் கண்டதில்லை, ஒப்புக்கொண்டதைத்தான் கண்டிருந்தேன்.

"அதை ஏற்கிறேன். கிணற்றை நம்பியிருக்கும் ஊரில் அணை சரி. ஆனால் அங்கிள் 'ஒன்றே வழி' என்று சொன்னீர்கள். அதை ஏற்கவில்லை."

"மடக்கிப்போட்டாள், ஐசே!" என்றார் செயலாளர்.

"மடக்கவில்லை. பாதித் தூரம் வந்திருக்கிறாள்," என்றேன். மீதித் தூரத்துக்கு நான் எளிதில் வழிவிடவில்லை. எங்கள் மண்ணின் சுண்ணாம்புக் கற்பாறையைப் பற்றிச் சொன்னேன். அவள் கதவுகளை எப்போது திறப்பது, யார் தீர்மானிப்பது என்று திருப்பிக் கேட்டாள். தேநீர் ஆறியது. என் கருத்தை நான் முற்றாக மாற்றிக்கொள்ளவில்லை, அவளும் மாற்றவில்லை.

விருந்தினர் போனபின் அவள் கோப்பைகளைக் கழுவியபடி கேட்டாள்: "உங்களை அவமானப்படுத்திவிட்டேனா?"

"வியாழக்கிழமை உன் எதிரே இருக்கப்போகிறவர் என்னைவிடப் பிடிவாதக்காரராக இருக்கமாட்டார்," என்றேன். அது அவளுடைய கேள்விக்கு நேரான மறுமொழி அல்ல என்பது எனக்குத் தெரியும். அவள் அடுத்த கோப்பையை எடுத்தாள்.

அந்த வாரமே பிளாக்டவுன் தமிழ்க் கடையொன்றில், எங்கள் வீட்டுப் பிள்ளை மேசையில் அடித்து எனக்குப் பாடம் எடுத்ததாகக் கதை உலாவியது. என்னிடமே ஒருவர் விசாரித்தார். மேசையில் அடிக்கவில்லை என்று மட்டும் திருத்தினேன். மற்றதைத் திருத்தப்போனால் அவளைக் குறைத்துப் பேசவேண்டி வந்திருக்கும்.

வியாழக்கிழமை டூங்கபி ரயில் நிலையத்துக்கு வெளியே காரில் காத்திருந்தேன். ஏறியதும் மூச்சுவிடாமல் சொன்னாள்: நகரங்கள் கடல்நீரைக் குடிநீராக்கினால் போதும் என்று ஒரு பையன் வாதித்தான், இவள் மறுத்தாள், அவன் திருப்பி அடித்தான், இவள் விடவில்லை. "அவன் முகம் என்ன ஆயிற்று?" என்று கேட்டேன். "ஒன்றும் ஆகவில்லை, அங்கிள். முடிந்ததும் சேர்ந்து சாப்பிடப் போனோம்." அதை நம்பமுடியாதவள்போலச் சொன்னாள்.

தேறிவிட்டாள். பல்கலைக்கழக இடமும் உறுதியாயிற்று. ஆசிரியை எழுதிய குறிப்பில் ஒரு குறை மட்டும் இருந்தது: பிறர் பேசி முடிக்கும்வரை இவள் காத்திருக்கப் பழகவேண்டும். துணைவியார் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பல்கலைக்கழகக் காலத்திலும் அவள் எங்களோடுதான் இருப்பாள் என்று நாங்கள் இருவரும் கேளாமலே எண்ணியிருந்தோம். புத்தாண்டு கழிந்த ஓரிரவு, உணவு வேளையில் அதை முறைப்படி சொன்னேன். வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். நகரத்துக்கு ரயில் இருக்கிறது. அவளுடைய பெற்றோருக்கும் நிம்மதி.

அவள் கரண்டியை வைத்தாள். "சாப்பாட்டை ஏற்கிறேன். அன்ரியின் சாப்பாட்டுக்கு மறுப்பே இல்லை. ரயிலை ஏற்கவில்லை. ஆய்வுகூடம் முடியவே இருட்டிவிடும், அதற்குமேல் இவ்வளவு தூரம். வகுப்புத் தோழிகள் மூவர் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்திருக்கிறார்கள். நானும் அங்கே போக விரும்புகிறேன்."

"உன் அப்பா என்ன சொல்வார்?"

"நேற்றுப் பேசினேன். அவரும் மறுத்தார். நான் காரணம் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் எடுத்தது." குரல் சற்றுத் தாழ்ந்தது. "வாழ்க்கையில் முதல்முறை."

துணைவியார் தமிழில் சொன்னார்: "நீங்கள் பழக்கினது. இப்ப அனுபவியுங்கோ." சொல்லிவிட்டு, தேவையில்லாமல் சொதிச் சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

என்னிடம் இன்னும் ஒன்று எஞ்சியிருந்தது: அவள் இங்கே இருப்பது எங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அது வாதம் ஆகாது. ஆகவே அதை முன்வைக்கவில்லை.

"எந்தச் சனிக்கிழமை சாமான் ஏற்றவேண்டும்?" என்று கேட்டேன்.

"அடுத்த மாதம் முதலாவது சனி. ஒரு வான் பிடிக்கவேண்டும்."

"வான் எதற்கு? என் கார் போதும்."

"போதாது, அங்கிள்," என்றாள்.