அரைப்பலசாலிக் கல்

ஏவிந்துரின் முதுகை இந்த ஊரில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. நான் ஆஸ்திஸ், இந்த மீன்பிடி ஊருக்கு இருக்கிற ஒரே பிசியோதெரபிஸ்ட். அவன் முதுகின் அடியில், கடைசி இரண்டு எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி இடதுகால் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அதோடு இரண்டு குளிர்காலம் நான் மல்லுக்கட்டினேன். எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று ஊரில் சொல்வார்கள். இருக்கட்டும்.

பதினேழு வயதில் படகேறியவன் ஏவிந்துர். நாற்பத்து மூன்றாம் வயதில், ஆடுகிற தளத்தில் பனிக்கட்டி நிறைந்த மீன்தொட்டியைக் குனிந்து இழுத்தான். குனிந்தவன் நிமிரவில்லை. ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும் என்றார் டாக்டர். என் அறைக்கு முதல்நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் மெல்லத் தூக்கச் சொன்னேன்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். பத்துவரைக்கும் எண்ணு."

"நான் கடல்ல சுறாவ இழுத்தவன், ஆஸ்திஸ்."

"அந்தச் சுறா இப்ப எங்க? நீ எங்க? எண்ணு."

அப்புறம் கலங்கரைவிளக்கம்வரை நடை. தவழ்வதுபோல் மண்டிபோட்டு ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டி அசையாமல் நிற்பது. அதைப் பார்த்துவிட்டு அவனுடைய படகுக்காரர்கள், நாய்க்குட்டி எப்போது குரைக்கும் என்று கேட்டார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான். குனிவதைக் கற்றுக்கொடுக்கவே நாலு மாதம் ஆனது. துடைப்பக் கம்பை அவன் முதுகோடு சேர்த்துப் பிடிப்பேன். தலை, நடுமுதுகு, இடுப்பெலும்பு மூன்றும் கம்பை விட்டு விலகாமல், இடுப்பிலிருந்து மட்டும் அவன் மடங்கவேண்டும். கொஞ்சம் வளைந்தாலும் கம்பால் ஒரு தட்டு தட்டுவேன். அதற்குப் பிறகுதான் எடை மாட்டிய இரும்புக் கம்பி. அதையும் தரையிலிருந்து அல்ல, முழங்கால் உயரக் கட்டைமேல் வைத்து. இருபது கிலோ, நாற்பது, எழுபது என்று ஏறி, இரண்டாம் குளிர்காலம் முடியும்போது வலியே இல்லாமல் நூற்றுப் பத்து கிலோ தூக்கினான். அன்றைக்கு நான் அழுதேன். அவனுக்குக் காட்டவில்லை.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, படகில் தன் பழைய இடம். மீன்பதனிடும் ஆலையில் லேபிள் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு, "உக்காந்து ஒட்டறதுக்கு நான் தபால் ஆபீஸ்லயே பொறந்திருக்கலாமே" என்று திரும்பிவிட்டான்.

எங்கள் துறைமுகத்தில் நாலு கற்கள் கிடக்கின்றன. துடுப்புப் படகுக் காலத்தில் ஆளெடுக்க வைத்தவை. சிறியதன் பெயர் உதவாக்கரை. அடுத்தது அரைப்பங்கு, அதற்கடுத்து அரைப்பலசாலி, நூறு கிலோ. பெரியது முழுப்பலசாலி. அரைப்பலசாலியை இடுப்பு உயரத் திட்டில் தூக்கி வைக்காதவனுக்கு அன்று படகில் இடம் கிடையாது. இப்போது மோட்டாரும் கிரேனும் வந்தாயிற்று. ஆனாலும் ஜூன் மாத முதல் ஞாயிறு, கடலோடிகள் தினத்தில், ஆண்கள் அந்தக் கற்களைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள். தூக்கியவன் பெயர் பலகையில் ஏறும்.

அந்த வருஷம் கடலோடிகள் தினத்துக்கு முந்தின வியாழக்கிழமை, நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் ஊரே கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருந்தது. ஏவிந்துர் தன் படகுக் கேப்டன் ஹாப்லிதியிடம் நேராகக் கேட்டான்.

"திங்கக்கெழம படகு கெளம்புது. எனக்கு எடம் இருக்கா, இல்லையா?"

ஹாப்லிதிக்கு நேரான பதில் என்பது பிறவியிலேயே வராது.

"ஞாயித்துக்கெழம அரைப்பலசாலியத் தூக்கி வை. அப்புறம் பேசுவோம்."

தொட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஏவிந்துரும் சிரித்தான். அவன் சிரித்ததை நம்பினேன், அதுதான் என் முட்டாள்தனம். இந்த ஊரில் ஆண்பிள்ளைகளுக்கு உள்ளே இருப்பதைச் சொல்ல வாய் வராது. எதையும் கிண்டலாகத்தான் சொல்வார்கள், கேட்கிறவனும் கிண்டலில் உண்மையைத் தேடித்தான் பழகியிருப்பான்.

சனிக்கிழமை ஹாப்லிதி என் அறைக்கு வந்தான். ஏவிந்துர் வேலைக்குத் தகுதி என்று நான் கொடுத்த சான்றிதழைக் கையில் வைத்திருந்தான்.

"இது போதும் எனக்கு. அவன் பேர ஆள்பட்டியல்ல ஏத்திட்டேன். நாளைக்கு ஊர் ஹால்ல காபிக்கு எல்லாரும் உக்காந்ததும் மேடையில சொல்லப்போறேன். அப்ப அவன் மொகத்தப் பாக்கணும்! வாயத் தொறந்துடாத."

"தொறக்கமாட்டேன்" என்றேன். எனக்கும் அந்த முகத்தைப் பார்க்க ஆசை. அன்று சாயங்காலம் ஏவிந்துர் கடைக்கு முன்னால் எதிர்ப்பட்டான். சொல்ல வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. "நாளைக்கு ஹாலுக்குச் சீக்கிரம் வா" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறன்று ஹாலில் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தபோது வெளியே துறைமுகத்தில் கைதட்டல் கேட்டது. மாவுக்கையோடு ஓடினேன். குந்தியிருந்த ஏவிந்துரின் மடியில் அரைப்பலசாலி இருந்தது. கம்பிக்குப் பிடிக்க இடம் உண்டு, கல்லுக்கு ஏது? தரையில் கிடக்கும் உருண்டையை அள்ள முதுகை வளைத்தே தீரவேண்டும். என் அறையில் நூற்றுப் பத்து தூக்கியவனுக்கு நூறு அற்பம் என்று தோன்றியிருக்கும். இறாலாக வளைந்திருந்தான்.

"விட்டுடு, ஏவிந்துர்! கீழ போடு!"

கைதட்டலில் என் குரல் எடுபடவில்லை. அவன் கல்லை நெஞ்சோடு அணைத்து எழுந்து திட்டில் வைத்தான். அப்படியே திட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள், முதுகில்! ஓரடி எடுத்து வைத்தவன் விழுந்தான். இடது பாதம் மேலே எழவில்லை, துணியாகத் தொங்கியது.

ஹாப்லிதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "அட மடையா, நான் சும்மா சொன்னேன்டா. நேத்தே உன் பேர ஏத்திட்டேன்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஏவிந்துர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

இந்தமுறை ஆபரேஷன் நடந்தது. வலி போயிற்று, பாதம் வரவில்லை. பூட்ஸுக்குள் பிளாஸ்டிக் தகடு கட்டி நடக்கிறான். படகில் ஏறமுடியாது. ஆலையில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறான். பலகையில் அவன் பெயர் அழகாக ஏறியிருக்கிறது. வெந்நீர்த் தொட்டியில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், நான் அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைகளில் அவன் என்னிடம் வருகிறான். மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம், குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி. போனவாரம் விரிப்பில் முகம் பதித்தபடியே பேசினான்.

"ஹாப்லிதி யார்கிட்டயும் சொல்லாமலே வச்சிருந்தான் பாரு. உனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லிருப்ப, இல்ல ஆஸ்திஸ்?"

அவன் முதுகில் என் கை இருந்தது.

"பத்துவரைக்கும் எண்ணு" என்றேன்.